அயர்லாந்தின் வீட்டு நீர்க்கட்டணம்

அயர்லாந்தின் வீட்டு நீர்க்கட்டணம் என்பது, அயர்லாந்துக் குடியரசில் பொதுக் குழாய் வழியே குடிநீர் பெறும் வீடுகளில் நீர்மானி (தண்ணீர் மீட்டர்) பொருத்தி, பயன்படுத்தும் அளவுக்கேற்பப் பணம் பெறுவதற்காக வகுக்கப்பட்ட திட்டம் ஆகும். இதற்கென 2013 ஆம் ஆண்டில் ஐரிஷ் வாட்டர் என்னும் அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. கட்டணம் 2015 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. 2016 ஜூலை 1 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஏற்கனவே செலுத்தியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் 8,70,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நீர்மானிகள் அதற்குள் பொருத்தப்பட்டிருந்தன.

இங்கிலாந்தில் 1989 ஆம் ஆண்டு நீர் வழங்கல் தனியார்மயமாக்கப்பட்டது. அயர்லாந்தில் அவ்வாறு நிகழவில்லை. நீரும் குழாய்களும் நிறுவனமும் முழுமையாக அரசின் உடைமையாகவே இருந்தன. அரசுடைமையில் இருந்துகொண்டே அளந்து கட்டணம் பெறும் முறை மக்களின் ஏற்பைப் பெறாமல் போன நிகழ்வு என்பதால், நீர் மேலாண்மை குறித்த ஆய்வுகளில் இது பெரிதும் பேசப்படுகிறது.

பின்னணி

அயர்லாந்தில் முற்காலத்தில் வீட்டுவரியின் ஒரு பகுதியிலிருந்தே உள்ளூராட்சி மன்றங்கள் நீர் வழங்கலுக்கான செலவைச் செய்துவந்தன. 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபியன்னா ஃபோல் கட்சி வீட்டுவரியை ஒழிப்பதாக வாக்களித்து வென்றது. 1978 ஆம் ஆண்டு அவ்வரி நீக்கப்பட்டது. அதன்பின் உள்ளூராட்சி மன்றங்கள் நடுவண் அரசின் மானியத்தை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தன. மானியம் போதாமையால் 1983 ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளிடமிருந்து நீர் உள்ளிட்ட பணிகளுக்குக் கட்டணம் பெற மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. பல மாவட்டங்களில் இது நடைமுறைக்கு வந்தது.

டப்ளின் பகுதியில் 1994 ஆம் ஆண்டு உருவான புதிய மாவட்ட மன்றங்கள் கட்டணம் விதித்தபோது கடும் எதிர்ப்புத் தோன்றியது. மக்கள் பணம் செலுத்த மறுத்தனர். 1996 ஏப்ரலில் டப்ளின் மேற்குத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், கட்டண எதிர்ப்பை முன்னிறுத்திப் போட்டியிட்ட ஜோ ஹிக்கின்ஸ் 370 வாக்குகள் வேறுபாட்டில்தான் தோற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அரசு வீட்டு நீர்க்கட்டணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஹிக்கின்ஸ் 1997 பொதுத்தேர்தலில் வெற்றி பெற்றார். பிற்காலப் போராட்டங்களில் கலந்துகொண்டோர் பலருக்கு இந்நிகழ்வு ஒரு முன்மாதிரியாக நினைவில் இருந்தது.

வீடுகளுக்குக் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் பொருந்தவில்லை. கடைகள், தொழிற்சாலைகள், பண்ணைகள் ஆகியவை நீருக்குப் பணம் செலுத்தியே வந்தன. பொதுக் குழாய் எட்டாத நாட்டுப்புறங்களில் மக்கள் சொந்தக் கிணறுகளையோ, ஊரார் ஒன்றுகூடி அமைத்த கூட்டு நீர்த் திட்டங்களையோ நம்பியிருந்தனர். அத்திட்டங்களின் உறுப்பினர்கள் தம் நீருக்குத் தாமே செலவிட்டனர். கட்டணம் புதிது என்னும் வாதம் நகரத்தாரின் நிலையிலிருந்து எழுந்தது என்பதை இதனால் அறியலாம்.

நிதி நெருக்கடியும் ஒப்பந்தமும்

2008 ஆம் ஆண்டு வங்கி நெருக்கடிக்குப் பின் அயர்லாந்து கடனில் மூழ்கியது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், அனைத்துலக நாணய நிதியம் ஆகியவற்றின் உதவியுடன் 85 பில்லியன் யூரோ மதிப்புள்ள மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டது. இதில் 67.5 பில்லியன் யூரோ வெளியிலிருந்து பெறப்பட்ட கடனாகும். வீடுகளுக்கு நீர்க்கட்டணம் விதிப்பதும் அத்திட்டத்துடன் இணைந்த உறுதிமொழிகளுள் ஒன்று.

குழாய்களின் நிலையும் நல்லதாக இல்லை. டப்ளின் நகரக் குழாய்களில் ஒரு பகுதி 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தூய்மையாக்கப்பட்ட நீரில் ஏறக்குறைய பாதி வழியிலேயே கசிந்து வீணாயிற்று. 2007 ஆம் ஆண்டு கால்வே நகரில் நீரில் நோய்க்கிருமி கலந்ததால், மக்கள் பல மாதங்கள் நீரைக் காய்ச்சிக் குடிக்க நேர்ந்தது. 2013 ஆம் ஆண்டு இறுதியில் பாலிமோர் யூஸ்டஸ் தூய்மையாக்க நிலையத்தில் ஏற்பட்ட சிக்கலால் டப்ளினில் இரவு நேர நீர் வழங்கல் குறைக்கப்பட்டது. முதலீடு தேவை என்பதை எதிர்ப்பாளர்களும் பெரும்பாலும் மறுக்கவில்லை. அப்பணத்தைப் பொது வரியிலிருந்து எடுப்பதா, குழாயடியில் பெறுவதா என்பதே வழக்கு.

மக்கள் மீது ஏற்கனவே புதிய சுமைகள் ஏறியிருந்தன. 2011 ஆம் ஆண்டு வருமானத்தின் மீது பொதுச் சமூக வரியும், 2012 ஆம் ஆண்டு 100 யூரோ வீட்டுக் கட்டணமும், 2013 ஆம் ஆண்டு சொத்து வரியும் வந்தன. இவற்றின் பின்னே வரிசையில் நின்றது நீர்க்கட்டணம்.

ஐரிஷ் வாட்டர்

2013 ஆம் ஆண்டு வரை 34 உள்ளூராட்சி அமைப்புகள் நீரையும் கழிவுநீரையும் கவனித்து வந்தன. 2013 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் இப்பொறுப்பை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தன. அரசின் எரிவாயு நிறுவனமான போர்ட் காஷின் (பின்னர் எர்வியா எனப் பெயர் பெற்றது) துணை நிறுவனமாக ஐரிஷ் வாட்டர் அமைக்கப்பட்டு, 2014 ஜனவரி 1 அன்று நீர்ப்பணிகளை ஏற்றது. விலையை முடிவு செய்யும் பொறுப்பு ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழங்கப்பட்டது. உள்ளூராட்சிப் பணியாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் முன்பு செய்த வேலையையே தொடர்ந்தனர்.

நிறுவனம் பணியேற்ற சில நாட்களிலேயே, ஆலோசகர்களுக்காக ஏறத்தாழ 5 கோடி யூரோ செலவிடப்பட்டது என்று அதன் தலைமை நிர்வாகி ஜான் டியர்னி வானொலி நேர்காணல் ஒன்றில் தெரிவித்தார். ஒரு சொட்டு நீரும் வழங்கத் தொடங்குமுன் இவ்வளவு செலவா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

நீர்மானி பொருத்துதல்

நீர்மானிகள் பொருத்தும் பணி 2013 ஆகஸ்ட் மாதம் தொடங்கியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இலக்காகக் கொள்ளப்பட்டன. தொடர்மாடிக் குடியிருப்புகள் போன்றவற்றில், ஒரே குழாய் பல வீடுகளுக்குச் செல்வதால் தனித்தனியே அளப்பது கடினமாக இருந்தது. அத்தகைய வீடுகள் தொடக்கத்திலேயே விடுபட்டன.

நீர்மானி வீட்டுக்குள் வைக்கப்படவில்லை. தெருவின் முதன்மைக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடத்தில், நடைபாதையைத் தோண்டி மூடியுடன் கூடிய சிறு பெட்டி புதைக்கப்பட்டது. அதனுள் நீர்மானியும் அடைப்பு வால்வும் இருக்கும். நீர்மானி வானலை மூலம் தன் அளவைச் செலுத்துவதால், தெருவில் வண்டியில் சென்றபடியே அளவெடுக்க முடிந்தது. வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய தேவையில்லை.

இம்முறை பொறியியல் நோக்கில் எளியது. ஆனால் வீட்டாரின் இசைவைக் கேளாமலே வேலையை முடிக்க இயலும் என்பதும் இதன் விளைவாயிற்று. மக்கள் மறுக்கக்கூடிய ஒரே இடம் நடைபாதைதான். 2014 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கார்க் நகரிலும், பின்னர் டப்ளினின் புறநகர்களிலும் மக்கள் தத்தம் வீட்டு வாயிலில் குழாய் மூடியின் மீது நின்று பணியாளர்களைத் தடுத்தனர். நிறுவனத்தின் பணியைத் தடுக்கக்கூடாது என நீதிமன்றத் தடையாணைகள் பெறப்பட்டன. அவற்றை மீறியதற்காகச் சிலர் சிறை சென்றனர்.

முதற் கட்டண முறை

ஒழுங்குமுறை ஆணையம் 2014 ஆம் ஆண்டு அறிவித்த விலை, குடிநீரும் கழிவுநீர் அகற்றலும் சேர்த்து 1,000 லிட்டருக்கு 4.88 யூரோ. ஒரு பணியை மட்டும் பெறும் வீட்டுக்கு இதில் பாதி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 30,000 லிட்டரும், ஒவ்வொரு குழந்தைக்கும் மேலும் 21,000 லிட்டரும் இலவசம் எனக் கொள்ளப்பட்டது.

நீர்மானி இல்லாத வீடுகளுக்கு மதிப்பீட்டுக் கட்டணம் வகுக்கப்பட்டது. ஒருவர் மட்டும் வாழும் வீடு ஆண்டுக்கு 66,000 லிட்டர் பயன்படுத்தும் என்றும், கூடுதலாக உள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவரும் 21,000 லிட்டர் பயன்படுத்துவர் என்றும் கணக்கிடப்பட்டது. ஒருவர் வீட்டுக்கு இலவச அளவு போக மீதி 36,000 லிட்டருக்கு ஏறத்தாழ 176 யூரோ. கூடுதல் ஒருவருக்கு 102 யூரோ. நான்கு வயதுவந்தோர் வாழும் வீட்டுக்கு இது 480 யூரோவைத் தாண்டியது. வளர்ந்த பிள்ளைகள் வேலையின்றிப் பெற்றோருடனேயே தங்கியிருந்த அக்காலத்தில் அத்தகைய வீடுகள் அரிதல்ல.

இம்முறையின்படி 2014 அக்டோபர் 1 முதல் கட்டணம் கணக்கிடப்படும் என அறிவிக்கப்பட்டது. இலவச அளவைப் பெற விண்ணப்பிப்போர், அரசு வழங்கும் தனிநபர் அடையாள எண்ணை நிறுவனத்திடம் தரவேண்டும் என்று கேட்கப்பட்டது. தண்ணீருக்கு இவ்வெண் எதற்கு, நிறுவனம் பின்னாளில் விற்கப்பட்டால் இவ்விவரங்கள் யாரிடம் போகும் என்ற ஐயம் பரவியது. கட்டணத்தின் அளவைவிட இந்த ஐயமே பலரைப் பதிவு செய்யாமல் தடுத்தது எனலாம்.

எதிர்ப்பு இயக்கம்

2014 அக்டோபர் 10 அன்று டப்ளின் தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில், கட்டணம் செலுத்த வேண்டாம் என்று பரப்புரை செய்த பால் மர்பி, வெற்றி பெறுவார் என எதிர்பார்க்கப்பட்ட சின் பெயின் வேட்பாளரை முந்தி வென்றார். மறுநாள் டப்ளினில் பல்லாயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றனர். நவம்பர் 1 அன்று நாடெங்கும் சிற்றூர்கள் உட்படப் பல இடங்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்பட்டது. ரைட் டு வாட்டர் என்னும் கூட்டமைப்பு இவற்றை ஒருங்கிணைத்தது. தொழிற்சங்கங்கள், இடதுசாரிக் கட்சிகள், குடியிருப்போர் குழுக்கள் அதில் இருந்தன.

நவம்பர் 15 அன்று டப்ளினின் ஜாப்ஸ்டவுன் பகுதியில் துணைத் தலைமை அமைச்சர் ஜோன் பர்ட்டனின் ஊர்தியை ஆர்ப்பாட்டக்காரர்கள் சூழ்ந்ததால், அவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உள்ளேயே இருக்க நேர்ந்தது. இது தொடர்பான வழக்கில் பால் மர்பி உள்ளிட்ட ஆறு பேர் 2017 ஜூன் மாதம் நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டனர்.

எதிர்ப்பாளர்கள் அனைவரும் ஒரே கருத்துடையோர் அல்லர். நீர் மனித உரிமை, அதற்கு விலையே கூடாது என்றனர் சிலர். வரி மூலம் ஏற்கனவே செலுத்திவிட்டதால் இது இரண்டாம் முறை பெறும் பணம் என்றனர் வேறு சிலர். நீர்மானி என்பது தனியாருக்கு விற்பதற்கான முன்னேற்பாடு, அளக்கப்படாத பொருளை எவரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்ற வாதமும் வலுவாக இருந்தது. விற்கும் எண்ணம் இல்லை என அரசு திரும்பத் திரும்பக் கூறியது. ஆனால் நிறுவனத்தை வரவு செலவுக் கணக்கில் அரசுக்கு வெளியே நிறுத்துவதே அதன் நோக்கம் என்பதும் வெளிப்படையாக இருந்தது.

வரம்புக் கட்டணம்

2014 நவம்பர் 19 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் ஆலன் கெல்லி திருத்திய திட்டத்தை அறிவித்தார். இதன்படி ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு ஆண்டுக்கு அதிக அளவு 160 யூரோ; பிற வீடுகளுக்கு 260 யூரோ. இவ்வரம்பு 2018 முடிய மாறாது. விலை 1,000 லிட்டருக்கு 3.70 யூரோவாகக் குறைக்கப்பட்டது. அடையாள எண் கேட்பது கைவிடப்பட்டது. பதிவு செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூரோ நீர்ச் சேமிப்பு மானியம் வழங்கப்படும்; எனவே உண்மைச் சுமை 60 அல்லது 160 யூரோ மட்டுமே என அரசு விளக்கியது. கட்டணம் தொடங்கும் நாளும் 2015 ஜனவரி 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இத்திருத்தம் கட்டணத்தைக் குறைத்தது; அதே வேளையில் நீர்மானியின் பொருளையும் குறைத்தது. 3.70 யூரோ விலையில் 160 யூரோ வரம்பை எட்ட ஏறத்தாழ 43,000 லிட்டர் போதும். ஆணையம் ஒருவர் வீட்டுக்குக் கணக்கிட்ட பயன்பாடோ 66,000 லிட்டர். இருவர் வீட்டுக்கு வரம்பு 70,000 லிட்டர் அளவில் எட்டப்படும். கணக்கிட்ட பயன்பாடு 87,000 லிட்டர். ஆகவே சராசரியாக நீர் செலவிடும் வீடு, ஓரளவு சிக்கனம் செய்தாலும் அதே தொகையைத்தான் செலுத்தும். தோட்டத்துக்கு இரவெல்லாம் நீர் விட்டாலும் தொகை கூடாது. மிகக் குறைவாகப் பயன்படுத்துவோருக்கு மட்டுமே நீர்மானியால் ஆதாயம் இருந்தது. அளவுக்கேற்ற கட்டணம் என்று தொடங்கிய திட்டம் நடைமுறையில் ஒரே சீரான வரியாக மாறிற்று. நீர்மானி பொருத்தும் பணி மட்டும் நிற்கவில்லை.

மானியத்தின் பெயரிலும் முரண் இருந்தது. நீரைச் சேமித்ததற்கான சான்று எதுவும் கேட்கப்படவில்லை. பதிவு செய்திருந்தால் போதும், கட்டணத்தைச் செலுத்தாதவரும் அதைப் பெறலாம். சொந்தக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கும் அது வழங்கப்பட்டது.

கட்டண வசூலும் யூரோஸ்டாட் முடிவும்

முதல் கட்டணச் சீட்டுகள் 2015 ஏப்ரலில் அனுப்பப்பட்டன. ஜூலையில் வெளியான விவரப்படி, முதற் சுற்றில் ஏறத்தாழ 43 விழுக்காட்டு வாடிக்கையாளர்களே பணம் செலுத்தியிருந்தனர். பின்னர் இது உயர்ந்தபோதிலும், பெருந்தொகையினர் இறுதிவரை செலுத்தவில்லை. வீட்டு நீரைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், ஐரிஷ் வாட்டரைச் சந்தை நிறுவனமாக ஏற்க இயலாது என முடிவு கூறியது. செலவில் பாதியையாவது விற்பனை வருவாய் ஈடுகட்ட வேண்டும் என்பது இதற்கான பொது அளவுகோல். அரசின் நெருங்கிய கட்டுப்பாடும், அரசு நிதியின் பெரும் பங்கும், கட்டண வரம்பும் நிறுவனத்துக்கு எதிராக அமைந்தன. இதனால் நிறுவனத்தின் கடன் அரசின் கடனாகவே கணக்கில் நின்றது. தனி நிறுவனம் அமைத்ததற்கான நிதிக் காரணம் இத்துடன் வலுவிழந்தது.

நீக்கம்

2016 பிப்ரவரித் தேர்தலில் ஆளும் கட்சிகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. 2011 ஆம் ஆண்டு 76 இடங்களை வென்ற ஃபினே கேல் 50 இடங்களையும், 37 இடங்களை வென்ற தொழிற்கட்சி 7 இடங்களையும் மட்டுமே பெற்றன. ஃபியன்னா ஃபோலின் வெளி ஆதரவுடன் அமைந்த சிறுபான்மை அரசு, உடன்பாட்டின்படி 2016 ஜூலை முதல் கட்டணத்தை நிறுத்திவைத்தது.

கெவின் டஃபி தலைமையிலான வல்லுநர் குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தது. இயல்பான வீட்டுப் பயன்பாட்டுக்கான செலவைப் பொது வரியிலிருந்து ஈடுசெய்து, வீணாக்குவோரிடம் மட்டும் பணம் பெறலாம் என்பது அதன் பரிந்துரை. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் இதையொட்டியே முடிவு கண்டது. 2017 நவம்பரில் நிறைவேறிய சட்டம் கட்டணத்தை நீக்கியது. ஏறத்தாழ 10 இலட்சம் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. 100 யூரோ மானியம் அதில் கழிக்கப்படவில்லை. செலுத்தாமல் மானியம் பெற்றவரிடமிருந்தும் அது திரும்பப் பெறப்படவில்லை. சட்டத்தை மதித்துச் செலுத்தியவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணரக்கூடாது என்பதே பணத்தைத் திருப்பியளிக்க முதன்மைக் காரணமாகும்.

அச்சட்டம் மிகைப் பயன்பாட்டுக் கட்டணம் ஒன்றையும் வகுத்தது. நான்கு பேர் வரை வாழும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2,13,000 லிட்டர் இலவசம். இது சராசரி வீட்டுப் பயன்பாட்டைப் போல் 1.7 மடங்கு. அதற்கு மேல் ஒவ்வொரு பணிக்கும் 1,000 லிட்டருக்கு 1.85 யூரோ. இக்கட்டணம் முதலில் திட்டமிட்ட காலத்தில் நடைமுறைக்கு வராமல் பன்முறை தள்ளிவைக்கப்பட்டது.

கசிவைக் கண்டறிதல்

கட்டணம் நீங்கிய பின்னும் நீர்மானிகளுக்கு ஒரு பயன் எஞ்சியது. எந்த வீட்டிலும் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரமாவது குழாய் மூடியிருக்கும். அவ்வேளையிலும் நீரோட்டம் சுழியத்துக்கு இறங்கவில்லை எனில், எங்கோ கசிவு உள்ளது என்பது பொருள். இத்தகைய தொடர் ஓட்டத்தை நீர்மானி தானே குறித்து அறிவிக்கும்.

நடைபாதைப் பெட்டிக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே மண்ணுக்குள் உள்ள குழாய் வீட்டாருக்குரியது. அதில் கசிவு இருப்பதைப் பலர் அறியாமலே இருந்தனர். 2015 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி, இத்தகைய முதற் கசிவை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்தது. கசிவின் பெரும்பகுதி ஒரு சிறு தொகை வீடுகளிலேயே இருந்தது என்பது நீர்மானிகளால் தெரியவந்தது. பொதுக் குழாய்களின் சீரமைப்பும் சேர்ந்து, 2018 ஆம் ஆண்டு ஏறத்தாழ 46 விழுக்காடாக இருந்த நாடளாவிய கசிவு 2023 ஆம் ஆண்டு இறுதியில் 37 விழுக்காடாகக் குறைந்தது. நீர்மானி முதலில் கசிவு காணும் கருவியாக அறிமுகமாகி, கட்டணம் பின்னர் வந்திருந்தால் நடைபாதையில் இத்தனை எதிர்ப்பு எழுந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

அண்டை நாடுகள்

ஸ்காட்லாந்தில் 2002 ஆம் ஆண்டு அமைந்த ஸ்காட்டிஷ் வாட்டரும் அரசுடைமை நிறுவனமே. அங்கு வீடுகள் கட்டணம் செலுத்துகின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நீர்மானி இல்லை. வீட்டின் வரிப் பிரிவைப் பொறுத்துக் கட்டணம் முடிவாகி, உள்ளூராட்சி வரியுடன் சேர்த்தே பெறப்படுகிறது. வட அயர்லாந்தில் 2007 ஆம் ஆண்டு அரசு நிறுவனம் அமைக்கப்பட்டபோதும், அப்போது திட்டமிட்ட வீட்டுக் கட்டணம் நடைமுறைக்கு வரவில்லை.

அரசுடைமைக்கான உறுதி

ஐரிஷ் வாட்டரை விற்பதற்கு எதிரான சட்டப் பாதுகாப்பு, போராட்டங்கள் உச்சத்தை எட்டிய பின்னரே வந்தது. 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, நிறுவனத்தின் உடைமையை மாற்ற நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் தீர்மானமும் மக்களின் வாக்கெடுப்பும் தேவை. ஒரு சட்டத்தை மற்றொரு சட்டம் நீக்கிவிடும் என்பதால், அரசியலமைப்பிலேயே நீரின் அரசுடைமையைப் பொறிக்க வேண்டும் என்னும் கோரிக்கை தொடர்ந்தது. இதற்கான திருத்த வரைவு 2016 ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு முடிய அதற்கான பொது வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை.

2022 ஆம் ஆண்டு இறுதியில் நிறுவனம் ஐரிய மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லுடன் கூடிய இஷ்கா ஏரின் என்னும் பெயரைப் பெற்றது. 2023 ஜனவரி 1 முதல் எர்வியாவிலிருந்து பிரிந்து தனி அரசு நிறுவனமாக இயங்கி வருகிறது. வீடுகளுக்கான அதன் செலவை அரசின் நிதியொதுக்கீடு ஈடுசெய்கிறது.